நெடுந்தீவுதான் டெல்ஃப்ட்: ஒரு தீவும் அதன் பெயர்களும்

மீன்பிடித் தடைக்காலமான இரண்டு மாதத்தை விட்டுவிட்டால், தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் இந்த வரி வராத மாதம் குறைவு: "நெடுந்தீவு அருகே மீன்பிடித்துக்கொண்டிருந்த ராமேஸ்வரம் மீனவர்களை இலங்கைக் கடற்படையினர் கைது செய்தனர்." கைதானவர்களின் எண்ணிக்கை மாறும், படகுகளின் எண்ணிக்கை மாறும், நெடுந்தீவு மட்டும் அப்படியே இருக்கும். அச்சுக் கோத்த காலமாக இருந்தால் அந்தச் சொல்லை ஒரே கட்டையாக வார்த்து வைத்திருப்பார்கள்.

நான் செய்தி மேசைக்கு வந்த புதிதில் இந்தத் தீவு என்னை ஒருமுறை நன்றாக மாட்டிவிட்டது. ராமேஸ்வரத்திலிருந்து வந்த செய்தியை இன்னொருவர் எழுதி ஐந்தாம் பக்கத்துக்கு அனுப்பிவிட்டார். கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் வந்த செய்தியை நான் மொழிபெயர்த்து ஒன்பதாம் பக்கத்துக்குக் கொடுத்தேன். அவருடையதில் நெடுந்தீவு. என்னுடையதில் 'டெல்ஃப்ட் தீவு'. மறுநாள் காலையில் ஒரு வாசகர் போன் செய்து, "ஒரே ராத்திரியில ரெண்டு தீவுல பிடிச்சிருக்காங்களா சார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய வரைபடத்தில் தேடினேன். அது ஆங்கில வரைபடம். பாக் நீரிணையில் டெல்ஃப்ட் இருந்தது, நெடுந்தீவு இல்லை. அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து இந்தப் பெயர் எனக்கு ஒரு பொழுதுபோக்கு மாதிரி. ஒரே மண்ணுக்கு இரண்டு பெயர் எப்படி வந்தது, இரண்டும் எப்படி இன்னும் உயிரோடு இருக்கின்றன, யார் எதைச் சொல்கிறார்கள் என்று தேடப் போனால், பக்கத்துத் தீவுகளும் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்துகொண்டு வருகின்றன.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கில் கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளை மொத்தமாகத் தீவகம் என்பார்கள். யாழ்ப்பாண நகரத்திலிருந்து பண்ணைப் பாலம் வழியாக மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை என்று சாலையிலேயே போய், இன்னொரு கடல்பாலத்தைத் தாண்டினால் புங்குடுதீவு. அதன் மேற்கு முனையில் குறிகட்டுவான் என்ற படகுத்துறை. சாலை அங்கே முடிகிறது. அங்கிருந்து படகில் ஏறி, காற்றும் கடலும் ஒத்துழைத்தால், ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவு. தீவகத்தில் மக்கள் வாழும் தீவுகளில் கரையை விட்டு மிகவும் விலகிக் கிடப்பது இதுதான். இந்தப் பக்கம் பார்த்தால், கச்சத்தீவு இதற்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே இருக்கிறது. 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போன அந்த 285 ஏக்கர், இலங்கை நிர்வாகக் கணக்கில் நெடுந்தீவுப் பிரிவுக்குள்தான் வருகிறது.

சரி, ஏன் 'நெடு'?

நெடுமை என்றால் நீளம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகத்தில் படத்தை எடுத்துப் பார்த்தால் ஏமாற்றம்தான். சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவு, கொஞ்சம் அமுங்கிய முட்டை மாதிரி இருக்கிறது. நீளத்துக்கும் அகலத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உயரமும் கிடையாது, பனைமரத்தை எடுத்துவிட்டால் தட்டையான தரை. அப்புறம் எதை வைத்து நெடுந்தீவு?

தமிழில் 'நெடு' என்ற அடை நீளத்தோடு நின்றுவிடுவதில்லை. நெடுஞ்சாலையில் அது நீளம். நெடும்பனையில் உயரம். நெடுங்காலத்தில் பொழுது. நெடுந்தொலைவில் தூரம். நெடுங்கடல் என்றால் கடலின் பெருமை, பரப்பு. நெடுந்தகை என்றால் ஆளின் மேன்மை. ஈழத்திலேயே வன்னியில் நெடுங்கேணி என்ற ஊர் இருக்கிறது. நெடுந்தீவுக்கும் சிலர் பெரிய தீவு என்று பொருள் சொல்கிறார்கள், சிலர் தொலைவிலுள்ள தீவு என்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் மனசுக்கு ஒட்டுகிறது. பக்கத்துத் தீவில் நின்றுகொண்டு, "அது நெடுந்தீவு" என்று கையை நீட்டிச் சொல்லும்போது பிறக்கக்கூடிய பெயர் அது. நெடுந்தீவில் பிறந்தவருக்கு நெடுந்தீவு தொலைவாக இருக்க முடியாது. ஆகவே பெயர் வைத்தவர் வெளியே நின்றவராகத்தான் இருக்க வேண்டும். பெரிய தீவு என்று கொண்டாலும் இதுவே நியாயம். பக்கத்தில் சின்னத் தீவுகளைப் பார்த்தவருக்குத்தான் இது பெரிசு.

பெயரின் பின்பாதியிலும் ஒரு சங்கதி இருக்கிறது. தீவு என்பது 'த்வீபம்' பிராகிருதத்தில் 'தீப', 'தீவ' என்று தேய்ந்து தமிழுக்கு வந்த சொல். தமிழில் அதற்கு முன்பே துருத்தி, அரங்கம் என்று சொற்கள் இருந்தன, ஆனால் அவை ஆற்றின் நடுவே இருக்கும் திட்டுக்குத்தான் பெரும்பாலும் பொருந்தின. திருவரங்கம் அப்படித்தான் வந்தது. கடலுக்கு நடுவே இருப்பது தீவு என்றாகிவிட்டது. இந்தத் தீவு என்ற சொல் முன்னால் நிற்கும் சொல்லோடு சேர்கிற விதம், புரூஃப் பார்ப்பவர்களுக்குத் தலைவலி. நெடுமை + தீவு நெடுந்தீவு ஆனதில் சிக்கல் இல்லை. ஈறுபோதல், இனமிகல், நன்னூல் சொன்னபடி நடந்திருக்கிறது. கச்சத்தீவில் 'த்' வந்து உட்கார்ந்திருக்கிறது. புங்குடுதீவில், மண்டைதீவில், நயினாதீவில் வரவில்லை. அந்த ஊர்க்காரர்கள் எழுதுவதே அப்படித்தான். இலக்கணம் தெரிந்த உற்சாகத்தில் 'மண்டைத்தீவு' என்று திருத்தி அனுப்பினால், மண்டைதீவுக்காரர் யாராவது அடுத்த நாள் அழைப்பார். ஊர்ப்பெயருக்குச் சந்தி போடுவதற்கு முன்னால் ஊர்க்காரரைக் கேட்க வேண்டும். நாம் மாலத்தீவு என்கிற நாட்டை ஈழத்தில் மாலைதீவு என்கிறார்கள். அதையும் திருத்தக் கூடாது.

இப்போது டெல்ஃப்ட்டுக்கு வருவோம். அதற்கும் முன்னால் ஒரு பெயர் இருந்தது. 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்ச்சுகீசியர்கள் இந்தத் தீவை 'இல்யா தாஸ் வாக்காஸ்' என்றார்கள். பசுக்களின் தீவு என்று பொருள். இறங்கியதும் கண்ணில் பட்டது எதுவோ அதையே பெயராக வைத்துவிட்டார்கள். புல்வெளியும் மாடும் அங்கே இன்றும் உண்டு, ஆகவே அவர்களைக் குறை சொல்ல முடியாது.

1658இல் போர்ச்சுகீசியரை விரட்டிவிட்டு டச்சுக்காரர்கள் வந்தார்கள். ஈழத்தில் ஒல்லாந்தர் என்பார்கள். இவர்கள் மாட்டையோ மரத்தையோ பார்த்துப் பெயர் வைக்கவில்லை. வீட்டிலிருந்தே பெயர்களைக் கொண்டுவந்தார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணைத் தீவு லைடன். புங்குடுதீவு மிடில்பர்க். நயினாதீவு ஹார்லெம். அனலைதீவு ராட்டர்டாம். நெடுந்தீவு டெல்ஃப்ட். தீவகத்தின் படத்தை வைத்துக்கொண்டு ஒரு டச்சு அதிகாரி தன் நாட்டு நகரங்களை வரிசையாக ஒட்டிக்கொண்டு போனது போல இருக்கிறது. இவற்றில் ஆம்ஸ்டர்டாம், மிடில்பர்க், டெல்ஃப்ட், ராட்டர்டாம் நான்கும் 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளைச் சபைகள் இருந்த நகரங்கள். கம்பெனிக்குப் பணம் போட்டவர்களின் ஊர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதே ஆட்கள் அந்தக் காலத்திலேயே உலகத்தின் மறுபக்கத்திலும் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். இன்றைய நியூயார்க் அப்போது புதிய ஆம்ஸ்டர்டாம். அதன் வடக்கே இருந்த புதிய ஹார்லெம்தான் இன்றைய ஹார்லெம். அதாவது நாகபூசணி அம்மன் குடியிருக்கும் நயினாதீவும் நியூயார்க்கின் ஹார்லெமும் ஒரு காலத்தில் ஒரே பெயர்கொண்டவை. இந்தத் தகவலால் யாருக்கும் காசு பயன் கிடையாது. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

டெல்ஃப்ட் என்ற சொல்லின் பொருளைத் தேடிப் போனால் இன்னொரு வேடிக்கை. டச்சு மொழியில் 'டெல்வன்' என்றால் தோண்டுவது. வெட்டிய கால்வாயை ஒட்டி வளர்ந்த ஊர் என்பதால் நெதர்லாந்தில் அந்த நகரத்துக்கு டெல்ஃப்ட் என்று பெயர். ஊர் முழுக்க வாய்க்கால், வாய்க்காலில் நல்ல தண்ணீர், வாய்க்கால் ஓரத்தில் நீலச் சித்திரம் தீட்டிய பீங்கான் செய்யும் பட்டறைகள். அந்தப் பெயரைக் கொண்டுவந்து ஒட்டிய தீவில் ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல் தரை. தோண்டினால் பல இடங்களில் உவர்நீர்தான் வரும். நல்ல தண்ணீர்க் கிணறு எங்கே இருக்கிறது என்பது அங்கே பரம்பரையாகச் சொல்லிவைக்க வேண்டிய செய்தி. வேலி கட்டக் கம்பு கிடைக்காத அந்த ஊரில் முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக, சாந்து பூசாமல் அடுக்கி மதில் எழுப்புகிறார்கள். இடுப்பளவு, மார்பளவு உயரத்தில் தெருத் தெருவாக அந்த வெள்ளை மதில்கள் போகும். வெளியூர்க்காரர்கள் முதலில் படமெடுப்பது அதைத்தான். டச்சு டெல்ஃப்ட்டிலிருந்து வந்த ஒருவரை இங்கே இறக்கிவிட்டால், பெயர்ப்பலகையைப் பார்த்துச் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆறு தீவுகளுக்கு ஆறு டச்சுப் பெயர் வைத்தார்களே, மற்றவை எங்கே போயின? புங்குடுதீவை மிடில்பர்க் என்று இன்று யாரும் சொல்வதில்லை. அனலைதீவுக்காரரிடம் ராட்டர்டாம் என்றால் கப்பல் வேலைக்குப் போன உறவினரைப் பற்றிக் கேட்கிறோம் என்று நினைப்பார். லைடன் மட்டும் கொஞ்சம் தங்கியது. லைடன்தீவு என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டெல்ஃப்ட்தான் முழுசாக நின்றது. அரசாங்கத்தின் ஆங்கிலக் காகிதங்களில், கடற்படை அறிக்கைகளில், சிங்களத்தில், சுற்றுலாக் கையேடுகளில் இன்றும் அது டெல்ஃப்ட்.

ஏன் இது மட்டும் நின்றது என்பதற்கு என் ஊகத்தைச் சொல்கிறேன். மற்ற தீவுகள் குடாநாட்டோடு ஒட்டிக் கிடந்தவை. தினமும் ஆள் போக, வர, கடிதம் எழுத, வரி கட்ட இருந்தார்கள். அங்கே ஓர் அதிகாரி 'மிடில்பர்க்' என்று எழுதினால், அதை வாங்கிப் படிக்கும் உள்ளூர் எழுத்தர் மனசுக்குள் புங்குடுதீவு என்று மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. நாளடைவில் எதற்கு இந்த இரட்டை வேலை என்று புங்குடுதீவையே எழுதியிருப்பார். நெடுந்தீவோ தூரத்தில் தனியாகக் கிடந்தது. அதைப் பற்றிக் காகிதத்தில் எழுதியவர்களில் பெரும்பாலானோர் வெளியிலிருந்து ஆள வந்தவர்கள். கடல் வரைபடத்தில் ஒரு பெயர் ஏறிவிட்டால் மாலுமிகள் அதை லேசில் மாற்றமாட்டார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

குதிரைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் காலத்திலிருந்து அங்கே குதிரை வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற அயர்லாந்துக்கார அதிகாரி அந்தத் தீவை நிர்வகித்தபோதும் அந்த வேலை நடந்தது. ஆங்கிலேயரின் குதிரைக் கணக்கில் அது 'டெல்ஃப்ட் குதிரை'. பண்ணை போய், ஆட்சி போய், ஆள் போய், குதிரைகள் மட்டும் தங்கிவிட்டன. இன்று தீவின் தெற்குப் பக்க வெளிகளில் கூட்டமாகத் திரியும் மட்டக்குதிரைகள் அவற்றின் வழித்தோன்றல்கள். கோடையில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி அவை நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சரக்கின் பெயரோடு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டால், ஊர் மாறினாலும் சரக்கு மாறாது. நாட்டின் பெயருக்கே அதுதானே நடந்தது. சிலோன் 1972இல் ஸ்ரீலங்கா ஆனது, 2011இல் அரசு நிறுவனங்களின் பெயரிலிருந்தும் சிலோனை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். தேயிலைப் பெட்டியில் சிலோன் அப்படியே இருக்கிறது. நம் ஊர்ப் பரோட்டாக் கடைப் பலகையில் சிலோன் பரோட்டாவும் இருக்கிறது.

இந்த 1972 விஷயத்தில் தமிழ்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் மாறியது. தமிழில் முந்தின நாளும் இலங்கை, மறுநாளும் இலங்கை. நெடுந்தீவின் கதையும் ஏறக்குறைய இதேதான். டச்சுக்காரர்கள் 'பெயரை மாற்றினார்கள்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள், நானே முன்பு எழுதியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் அவர்கள் எதையும் மாற்றவில்லை. தங்களுக்கு வேண்டிய ஒரு பெயரைத் தங்கள் காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள். தீவில் இருந்தவர்கள் தங்கள் வாயில் இருந்ததை விடவில்லை. அங்கே பிறந்து கனடாவிலோ லண்டனிலோ இருப்பவர்கள் சங்கம் வைத்தால் நெடுந்தீவு மக்கள் ஒன்றியம் என்றுதான் வைக்கிறார்கள். கவிதை எழுதுகிறவர் பெயருக்கு முன்னால் நெடுந்தீவு என்று போட்டுக்கொள்கிறார். குறிகட்டுவானிலிருந்து போகும் ஒரு பயணிகள் படகுக்கு நெடுந்தாரகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; அந்த 'நெடு' எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் பேச வேண்டிவந்தால் அதே ஆள் சிரமமில்லாமல் டெல்ஃப்ட் என்பார். ஆட்டோவில் ஒரு பெயரும் விண்ணப்பப் படிவத்தில் ஒரு பெயரும் சொல்லிப் பழகிய நமக்கு இது புதிதா என்ன? திருச்சிக்காரரும் தூத்துக்குடிக்காரரும் எவ்வளவு காலம் இப்படி இருந்தார்கள்.

இந்த மாதிரிப் பெயர்கள் ஒன்றையொன்று தின்னாமல் பக்கத்தில் பக்கத்தில் வாழ்வதை, ஊர்காவற்றுறையில் இன்னும் நன்றாகப் பார்க்கலாம். வேலணைத் தீவின் வடமேற்கு முனையில் இருக்கும் துறைமுக ஊர் அது. ஆங்கிலத்தில் கய்ட்ஸ். போர்ச்சுகீசிய மொழியில் 'கய்ஸ்' என்றால் படகுத்துறை. அங்கிருந்து யானைகளைக் கப்பலில் ஏற்றினார்கள், ஆகவே யானைத்துறை என்ற பொருளில் அவர்கள் ஒரு நீளமான பெயர் வைத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். யானை காலப்போக்கில் உதிர்ந்து, துறை மட்டும் கய்ட்ஸ் என்று நின்றுவிட்டது.

தமிழ்ப் பெயரிலும் துறைதான் இருக்கிறது. காவல் + துறை = காவற்றுறை. இன்று பத்திரிகைகள் ஊர்காவற்துறை என்று பிரித்து எழுதுகின்றன. பேச்சில் இன்னும் சுருங்கும். ஆனால் பழைய கல்வெட்டுகளில் இந்தக் 'காவல்' இல்லை. 12ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டான திருவாலங்காட்டுக் கல்வெட்டு, இலங்கை மன்னனான முதலாம் பராக்கிரமபாகு படையும் கப்பலும் திரட்டிய இடங்களில் ஒன்றாக ஊராத்துறையைச் சொல்கிறது. சிங்களத்தில் அந்த ஊர் ஊராதொட்ட. 'ஊரா' பன்றி, 'தொட்ட' துறை. ஆக, சிங்களக் காதுக்கு அது பன்றித்துறை, தமிழ்க் காதுக்கு ஊரைக் காவல் காக்கும் துறை, போர்ச்சுகீசியருக்கு யானைத்துறை. எது முதல் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. காதில் விழுந்த ஒலிக்குத் தன் மொழியில் ஒரு பொருளைக் கண்டுபிடித்துக்கொள்வது எல்லா மொழிக்காரர்களும் செய்கிற வேலை. மூன்றிலும் துறை என்பது மட்டும் அசையாமல் இருப்பதைப் பாருங்கள். கப்பல் நிற்கிற இடம் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அந்தப் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு ஒன்று நயினாதீவில் இருக்கிறது. சிங்கள அரசன் வெட்டுவித்த கல், மொழி தமிழ். வெளிநாட்டு வணிகர்கள் முதலில் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புத் தர வேண்டும் என்கிறது. கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்பதற்கும் விதி சொல்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் என்றால் நான்கில் ஒரு பங்கு அரசுக்கு, மீதி உடையவனுக்கு. சாதாரணச் சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. படிக்க வேண்டியவர்கள் தமிழ் தெரிந்த வணிகர்கள், ஆகவே தமிழில் வெட்டினார்கள். எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய துறைமுக அறிவிப்புப் பலகை அது. யாருக்குச் சொல்கிறோமோ அவர்கள் சொல்லும் பெயரில் சொல்ல வேண்டும் என்ற நிர்வாக ஞானம் அந்த எழுத்தருக்கு இருந்திருக்கிறது.

நயினாதீவு என்ற பெயரை மட்டும் இவ்வளவு இலேசாகக் கடந்துபோக முடியாது. நெடுந்தீவும் டெல்ஃப்ட்டும் சண்டை போடாமல் இருக்கலாம். நயினாதீவும், அதே தீவின் சிங்களப் பெயரான நாகதீபமும் அப்படி இல்லை.

குறிகட்டுவான் துறையில் ஒரு விடுமுறை நாளில் நின்றால் இது கண்ணுக்கே தெரியும். தெற்கிலிருந்து வந்த பஸ்களிலிருந்து வெள்ளை உடுத்திய சிங்களக் குடும்பங்கள், கையில் தாமரைப் பூவோடு இறங்குகின்றன. யாழ்ப்பாணத்துப் பஸ்ஸிலிருந்து அர்ச்சனைத் தட்டோடு தமிழ்க் குடும்பங்கள். எல்லாரும் ஒரே வரிசையில் நின்று ஒரே படகில் ஏறுகிறார்கள். பாதிப் பேர் நாகதீபத்துக்குப் போகிறார்கள், பாதிப் பேர் நயினாதீவுக்குப் போகிறார்கள். கால் மணி நேரப் பயணம். அந்தப் பக்கத்தில் இரண்டு இறங்குதுறைகள் உண்டு. ஒன்று விகாரைக்கு அருகில், ஒன்று நாகபூசணி அம்மன் கோவிலுக்கு எதிரில்.

நாகதீபம் என்ற பெயரின் பின்னால், இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூலான மகாவம்சம் நிற்கிறது. மணி பதித்த ஓர் இருக்கைக்காகச் சண்டையிட்ட மகோதரன், சூளோதரன் என்ற இரு நாக அரசர்களைச் சமாதானம் செய்யப் புத்தர் வந்தார் என்பது கதை. அதே மாதிரி ஒரு புத்த பீடிகையைத் தமிழில் மணிமேகலையும் சொல்கிறது. புகாருக்குத் தெற்கே முப்பது யோசனை தூரத்தில் உள்ள மணிபல்லவத் தீவில் அது இருந்ததாம். நயினாதீவுதான் மணிபல்லவம் என்று சொல்கிறவர்கள் உண்டு, மறுக்கிறவர்களும் உண்டு.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1936இல் பருத்தித்துறைக்குப் பக்கத்தில் வல்லிபுரத்தில் கிடைத்த பொற்சாசனம், 'நாகதீவ' என்ற இடத்தை ஓர் அமைச்சர் ஆண்டார் என்கிறது. ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய எழுத்து. ஓர் அமைச்சர் உட்கார்ந்து ஆளுகிற இடம், ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதியை நடந்து பார்த்துவிடக்கூடிய அந்தச் சின்னத் தீவாக இருக்க முடியுமா? குடாநாட்டையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் நாகதீபம் என்றார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுவது நியாயமாகவே படுகிறது. பெரிய நிலப்பரப்பின் பெயர் சுருங்கிச் சுருங்கி ஒரு தீவில் போய் உட்கார்ந்துவிட்டது. நயினாதீவு என்ற பெயரோ நயினாரிலிருந்து, தலைவன் என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். நாக நயினார் என்று சேர்த்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பெயரையும் கடைசிவரை தோண்டினால் ஒரே நாகத்தின் வால் கையில் கிடைக்கலாம். ஆனால் இந்தச் சண்டை சொற்பிறப்பைப் பற்றியது இல்லையே. பெயர்ப்பலகையில் எதை எழுதுவது என்பது, தீவு யாருடையது என்ற கேள்வியாகக் கேட்கப்படுகிறது. போர் நடந்த நாட்டில் அதை வெறும் மொழிபெயர்ப்புப் பிரச்சினை என்று நான் இங்கிருந்து எழுதினால், அங்கிருப்பவர்கள் கோபப்படுவார்கள், படவும் வேண்டும். டெல்ஃப்ட் தப்பித்ததற்குக் காரணமும் இதில் இருக்கிறது. அந்தப் பெயருக்குச் சொந்தம் கொண்டாட இப்போது யாரும் இல்லை. டச்சுக்காரர்கள் போய் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

முழுமைக்கும் பகுதிக்கும் பெயர் தடுமாறுவது நம் பக்கத்திலும் உண்டு. ராமேஸ்வரம் என்று நாம் சொல்வது ஊரையா, தீவையா? புவியியல் புத்தகத்தில் அது பாம்பன் தீவு. பாம்பனில் இருப்பவர் ராமேஸ்வரம் போய்வருகிறேன் என்கிறார். சென்னையில் இருப்பவருக்குப் பாம்பன் ஒரு பாலம். வேலணைத் தீவு, லைடன் தீவு, ஊர்காவற்றுறைத் தீவு என்று ஒரே நிலத்துக்கு மூன்று பெயர் ஓடுவதும் இதே கதைதான். அதற்குத் தணதீவு என்று இன்னும் பழைய பெயர் ஒன்றும் இருந்தது. அதை இப்போது வரலாறு எழுதுகிறவர்கள் மட்டும்தான் சொல்கிறார்கள்.

மேசையில் உட்காருகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நான் புதியவர்களுக்கு மூன்று விஷயம் சொல்வதுண்டு. தமிழில் எழுதும்போது நெடுந்தீவு போதும், பக்கத்தில் டெல்ஃப்ட் வேண்டாம். காரைதீவு இப்போது காரைநகர். மட்டக்களப்புக்குத் தெற்கே இன்னொரு காரைதீவு இருக்கிறது, குழம்பக் கூடாது. மூன்றாவது, 'நெடுந்தீவு தீவு' என்று எழுதாதே. ஆங்கிலத்தில் நெடுந்தீவு என்று எழுதிப் பக்கத்தில் தீவு என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் போடுவார்கள், அதை அப்படியே இறக்கினால் இரட்டைத் தீவு வந்துவிடும். கச்சத்தீவு தீவு என்று அச்சிலேயே பார்த்திருக்கிறேன். இதைச் சொல்லி ஒரு பையனைக் கடிந்துகொண்டபோது, "தெலுங்கில் லங்கா என்றாலே ஆற்றுத் திட்டுதான் சார், கோதாவரிப் பக்கம் எல்லா ஊரும் லங்காதான். அப்போ இலங்கைத் தீவு மட்டும் சரியா?" என்று கேட்டான். ராஜமுந்திரியில் வளர்ந்தவன். நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

இப்போது ஏஜென்சி செய்தியை முதலில் மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டுவிட்டுத்தான் எல்லாரும் கை வைக்கிறார்கள். போன மாதம் அதே பையனின் திரையில் எட்டிப் பார்த்தேன். எல்லை தாண்டி மீன்பிடித்ததாகப் பதினொரு தமிழக மீனவர்களை இலங்கைக் கடற்படை 'டெல்ஃப்ட் நகருக்கு வடக்கே' சுற்றிவளைத்திருந்தது. நெதர்லாந்து வரைக்கும் போய்ப் பிடித்திருக்கிறார்கள். அவன் சிரித்துக்கொண்டே அந்த இரண்டு சொல்லையும் அழித்துவிட்டு, நெடுந்தீவு என்று அடித்தான்.